நத்தையின் பகல் வீடு

வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் போதும். முந்தின வாரம் நட்ட துலுக்கச் சாமந்தி நாற்றுகளில் இலை போய்க் காம்பு மட்டும் நிற்கும். காசித்தும்பை தரையோடு அறுந்து கிடக்கும். டேலியாவின் இளந்தளிரில் ஒழுங்கில்லாத ஓட்டைகள் விழுந்திருக்கும். இலையிலிருந்து தொட்டியின் விளிம்பு வரை வெள்ளிக் கோடு ஒன்று காய்ந்து மினுங்கும். அன்று மாலைக்குள் அக்கம்பக்கத்திலிருந்து யோசனைகள் வந்து குவிந்துவிடும்: முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள், காபி மண்டியைத் தூவுங்கள், சாம்பல் நல்லது, கல் உப்பு இன்னும் நல்லது, தொட்டியைச் சுற்றிச் செப்புப் பட்டை ஒட்டுங்கள். பார்வைக்கு வேறுவேறாகத் தெரியும் இந்த யோசனைகளுக்கு அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான். செடியைக் கோட்டையாக நினைத்து, அதைச் சுற்றி அகழி வெட்டச் சொல்கிறார்கள். அலங்காரச் செடி வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் நத்தையிடம் தோற்பதற்கு இந்த எண்ணமே காரணம் என்பது என் வாதம். நத்தையைச் செடியின் அடியில் வெல்ல முடியாது. அது பகலெல்லாம் ஒளிந்திருக்கும் இடத்தில்தான் வெல்ல முடியும்.

அகழி முறையை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தோட்டக்கலையை ஏறக்குறைய மதமாகவே கொண்டாடும் இங்கிலாந்தில், ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018-ல் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டது. நத்தைகளுக்கு மிகவும் பிடித்த லெட்யூஸ் கீரையைத் தொட்டிகளிலும் மேடைப் பாத்திகளிலும் வளர்த்தார்கள். சிலவற்றைச் சுற்றிச் செப்புப் பட்டை, சிலவற்றுக்குக் கூரான சிறுகல், சிலவற்றுக்குப் பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை, முட்டை ஓடு என்று தடுப்பு வைத்தார்கள். எதுவுமே வைக்காத செடிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே வளர்த்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, தடுப்பு வைத்தவற்றுக்கும் வைக்காதவற்றுக்கும் சேதத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்த ஐந்து வைத்தியங்கள் அந்த ஒரே சோதனையில் விழுந்தன.

ஏன் விழுந்தன என்பது நத்தையின் பாதத்தைப் பார்த்தால் புரியும். உண்மையில் அந்தப் பாதம் தரையைத் தொடுவதே இல்லை. கோழை போன்ற ஒரு படலத்தைத் தானே சுரந்து, அதன் மேல்தான் ஊர்கிறது. பிளேடின் முனை மேல்கூடக் காயமில்லாமல் ஏறி இறங்கும் பிராணிக்கு முட்டை ஓட்டின் கூர்மை எம்மாத்திரம்? சாம்பல், சுண்ணாம்புத் தூள் போன்றவை கோழையின் ஈரத்தை உறிஞ்சி நத்தையைத் திணறடிக்கும் என்பது உண்மை. ஆனால் அவை காய்ந்திருக்கும் வரைதான் அந்தச் சக்தி. காய்ந்த இரவில் நத்தை வெளியே வருவதில்லை. அது வருகிற இரவில் தூள் நனைந்து குழம்பாகியிருக்கும். முட்டை ஓட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் ஊர்த் தோட்டங்களைச் சூறையாடும் பெரிய ஆப்பிரிக்க நத்தை தன் ஓட்டை வளர்க்கச் சுண்ணாம்புச் சத்துக்கு அலைவது. வெள்ளையடித்த சுவரையும் சிமென்ட் பூச்சையும் சுரண்டித் தின்பது. அதற்கு முட்டை ஓட்டைத் தூவுவது தடை போடுவதாகுமா, பந்தி வைப்பதாகுமா என்று யோசிக்க வேண்டும்.

‘எங்கள் வீட்டில் பலித்ததே’ என்று சொல்பவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எப்போது தூவினார்கள் என்று கேட்டால் விஷயம் விளங்கும். சேதம் உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் முட்டை ஓட்டைத் தேடுகிறார்கள். அதற்கடுத்த வாரம் மழை ஓய்ந்திருக்கும். தளிரும் சற்று முற்றியிருக்கும். தானாகக் குறைந்த சேதத்துக்கு முட்டை ஓடு பெயர் வாங்கிக்கொள்கிறது. பக்கத்தில் ஒன்றும் போடாத செடி ஒன்றை விட்டு வைத்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இங்கிலாந்தின் குளிரில், கீரையில் செய்த சோதனை நம் மண்ணுக்கும் பூச்செடிக்கும் பொருந்துமா என்று கேட்பதும் நியாயமான கேள்வியே. இங்கே நிலைமை தடுப்புகளுக்கு இன்னும் பாதகம் என்பதே என் பதில். அங்கே ஊர்வது கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிய ஓடு. இங்கே ஊர்வது நான்கு விரல் நீளத்தைச் சாதாரணமாகத் தாண்டும் ஓடு. நன்கு வளர்ந்தால் அது 20 சென்டிமீட்டரையும் தொடும். இரண்டு விரல் அகலப் பட்டையை அப்படிப்பட்ட உடம்பு தாண்டிப் போவதைத் தடுக்க எதுவும் இல்லை.

இந்த ஆப்பிரிக்க நத்தை நம் ஊருக்கு வந்ததே ஒரு தோட்டத்தின் வழியாகத்தான். கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது, மொரீஷியஸ் தீவில் ஏற்கெனவே பரவியிருந்தது. 1847-ல் வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேய நத்தை ஆய்வாளர் அங்கிருந்து இரண்டை எடுத்து வந்து கல்கத்தாவில் நண்பர் ஒருவரிடம் கொடுத்தார். நண்பர் அவற்றைச் சௌரங்கியில் இருந்த தோட்டத்தில் விட்டார். 1900 வாக்கில் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு மலாயா, பசிபிக் தீவுகள் என்று பரவி, இன்று உலகின் மிக மோசமான அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு நத்தைக்குள்ளும் ஆண், பெண் இரண்டு உறுப்புகளும் உண்டு. ஒருமுறை இணை சேர்ந்தால் விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதங்களுக்கு முட்டையிடும். ஒரு ஈட்டுக்கு நூறு முதல் நானூறு முட்டை வரை. தின்னும் செடி வகைகள் ஐந்நூறுக்கு மேல். இந்தப் பட்டியலைப் படித்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் இதே பிராணிக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு, அது தண்ணீர். உடம்பின் ஈரத்தைக் காக்கும் தோல் அதற்கு இல்லை. வெயிலில் சில மணி நேரம் மாட்டினால் செத்துப்போகும். ஆகையால் ஒவ்வொரு விடியலுக்கும் முன்பு ஈரமும் இருட்டும் உள்ள ஓர் இடத்துக்குத் திரும்பியாக வேண்டும்.

அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத் தரையில் வைத்த ஒரு சிமென்ட் தொட்டியை மெதுவாகச் சாய்த்துப் பார்க்கலாம். அடியில் ஈரம் கோத்த மண், வடிகால் துளையைச் சுற்றி வெளிவந்த வேர்கள், அவற்றுக்கிடையே ஓட்டுக்குள் சுருங்கிய ஒன்றிரண்டு நத்தைகள். தரையோடு தரையாக ஒட்டி, கறுத்த தோல் துண்டு போல் கிடப்பது ஓடில்லா நத்தை. நம் ஊர்த் தோட்டங்களில் மிகுதியாகத் தென்படும் இந்தத் தட்டைக் கறுப்பு வகையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே. விரலால் மண்ணைக் கொஞ்சம் கிளறினால் வெளிர் மஞ்சளாக, சிறு பட்டாணி அளவில் முட்டைகள் கொத்தாக வரும். அடுத்த மழையின் சேதம் முழுவதும் அந்தக் கொத்தில் இருக்கிறது. சொல்லப்போனால் மலர்ச்செடிகளுக்கு வினை வைப்பவை பெரும்பாலும் குஞ்சுகளும் இளம் நத்தைகளுமே; முதிர்ந்தவை அழுகிய இலைதழைகளையும் கணிசமாகத் தின்கின்றன. பெரியதைக் கண்டு அலறுகிறவர்கள் முட்டையைக் கவனிக்காமல் விடுவது நத்தைக்குக் கிடைக்கும் பெரிய சலுகை.

இதிலிருந்து தோட்ட வேலையின் ஒழுங்கு தானாகவே வந்துவிடுகிறது. தொட்டிகளைத் தரையில் பதிய வைக்காமல் இரும்பு ஸ்டாண்டில் வைத்தால் அடியில் காற்று ஓடும். செங்கல் மேல் வைத்தாலும் சரிதான், ஆனால் செங்கலின் ஓட்டையையும் பார்க்க வேண்டும். மாடித்தோட்டத்தில் குரோ பேக்கின் மடித்த விளிம்பு, மூலையில் மறந்துபோன கோணிப்பை, மழைநீர்க் குழாயின் வாய், நனைந்த அட்டைப்பெட்டி, தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு ஆகியவை எல்லாம் பகல் வீடுகள். தரைத் தோட்டத்தில் சுவரோரம் சாய்த்த பலகை, உடைந்த ஓட்டுக் குவியல், அடர்ந்து தரை தொட்ட குரோட்டன் வேலி ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றை அகற்றினால் செடி தின்ன வரும் நத்தைக்கு விடிந்தால் ஒதுங்க இடமிருக்காது. எல்லாவற்றையும் அகற்ற முடியாதல்லவா என்றால், முடியாதுதான். அகற்றவும் தேவையில்லை. ஒரே ஒரு நனைந்த கோணியை மட்டும் வேண்டுமென்றே விட்டு வைத்து, அதற்குள் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ போட்டால், மறைவிடம் தேடுகிற கூட்டம் முழுவதும் அதில் வந்து சேரும். காலையில் கோணியோடு எடுத்துவிடலாம்.

தண்ணீர் ஊற்றும் நேரம் இதைவிட எளிய ஆயுதம். மாலையில் ஊற்றினால் செடி வாடாது என்பது நம் நம்பிக்கை. ஆனால் மாலையில் நனைத்த தொட்டி இரவு முழுவதும் ஈரமாக இருந்து நத்தைக்குப் பாதை விரிக்கிறது. 1998-ல் வெளியான ஸ்விட்சர்லாந்து ஆய்வு ஒன்றில், மாலையில் நீர் பாய்ச்சிய கீரைப் பாத்திகளை விடக் காலையில் பாய்ச்சியவற்றில் ஓடில்லா நத்தையின் சேதம் நன்றாகக் குறைந்தது. நம் வெயிலில் காலைத் தண்ணீர் பத்து மணிக்கே ஆவியாகிவிடாதா என்பார்கள். விடிந்தவுடன், இலையில் படாமல் வேரடியில் ஊற்றினால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். மேல்மண் மட்டும் சாயங்காலத்துக்குள் காய்ந்திருக்கும். நமக்கு வேண்டியதும் அந்தக் காய்ந்த மேல்மண்தான். மழை நாளில் இந்த உபாயம் செல்லாது. அப்போது கையால் பொறுக்குவதைத் தவிர வழியில்லை.

கையால் பொறுக்குவது என்றாலே பலரும் முகம் சுளிக்கிறார்கள். அருவருப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ‘எத்தனை நாள் பொறுக்குவது, பக்கத்து மனையிலிருந்து வந்துகொண்டே இருக்குமே’ என்பது வலுவான ஆட்சேபம். இதற்கு அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் பதில் வைத்திருக்கிறது. 1966-ல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று ஆப்பிரிக்க நத்தைகளை மயாமிக்குக் கொண்டுவந்தான். அவன் பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழு ஆண்டுகளில் 18,000-க்கு மேல் பெருகின. ஒழிக்கப் பத்து லட்சம் டாலர் செலவாகி, 1975-ல்தான் ஓய்ந்தது. 2011-ல் அதே மயாமி வட்டாரத்தில் மீண்டும் தென்பட்டபோது, வீடு வீடாகப் போய், பயிற்சி பெற்ற நாய்களின் துணையோடு தேடிப் பொறுக்கி, 1,68,000-க்கும் அதிகமான நத்தைகளை எடுத்து, 2021-ல் ஒழித்ததாக அறிவித்தார்கள். விஷ உருண்டையும் பயன்படுத்தினார்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் தேடிப் பிடிப்பதே அந்தப் பத்தாண்டு வேலையின் முதுகெலும்பு. அடுத்த ஆண்டே மாநிலத்தின் வேறொரு பகுதியில் மறுபடி முளைத்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அடியோடு ஒழிப்பது அரசாங்கத்தின் வேலை. பூச்செடியைக் காப்பாற்ற எண்ணிக்கையைக் குறைத்தால் போதும். அதற்கு ஒரு தெருவில் நான்கு வீடு சேர்ந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். மழை விட்ட இரவில், இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சுடன் இறங்கினால் அரை மணியில் பாதித் தோட்டம் சுத்தமாகும்.

பொறுக்கியதைச் சுவருக்கு அப்பால் வீசுபவர்கள் வேலையை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் ரூத் ப்ரூக்ஸ் என்ற ஓய்வு பெற்ற ஆசிரியை, தன் தோட்டத்து நத்தைகளின் ஓட்டில் நகப்பூச்சால் குறியிட்டுத் தூரத்தில் விட்டுப் பார்த்தார். அவை வீடு திரும்பின. அந்தச் சோதனைக்காக 2010-ல் பிபிசி வானொலியின் அமெச்சூர் விஞ்ஞானி பட்டம் அவருக்குக் கிடைத்தது. பிறகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்து, குறைந்தது 20 மீட்டருக்கு அப்பால் விட்டால்தான் திரும்புவது குறைகிறது என்று 2014-ல் எழுதினார்கள். ஆப்பிரிக்க நத்தைக்கும் இந்தக் குணம் உண்டு. முதிர்ந்தவை தங்கள் பழைய மறைவிடத்துக்கே திரும்புவதை ஜப்பானின் ஓகசவாரா தீவுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். பகல் வீடு என்ற சொல்லை நான் அலங்காரத்துக்காகப் பயன்படுத்தவில்லை. பிடித்தவற்றை அடர்ந்த உப்புக் கரைசலோ சோப்புத் தண்ணீரோ உள்ள வாளியில் போட்டுக் கொன்று ஆழப் புதைப்பதே முறை. உப்புக்கு இடம் அந்த வாளிதான்; தோட்ட மண்ணில் கொட்டினால் வேர் கருகும், களிமண் இறுகும், நத்தை போன பிறகும் செடி தேறாது.

கையுறை கட்டாயம். இந்த நத்தைகள் எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளம் பருவத்தைச் சுமக்கக்கூடியவை. அது மனித உடம்புக்குள் போனால் மூளைச் சவ்வில் அழற்சி உண்டாகும். கேரளத்தில் இந்நோய் பதிவாகியிருக்கிறது. நத்தை ஊர்ந்த கீரையைக் கழுவாமல் தின்பதும், குழந்தைகள் கையில் எடுத்து விளையாடுவதும் ஆபத்து.

இவ்வளவு சிரமம் எதற்கு, கடையில் உருண்டை விற்கிறதே என்பவர்களுக்கு மெட்டால்டிஹைடைப் பற்றிச் சொல்ல வேண்டும். நத்தையை அது கோழையாகக் கக்கவைத்து, உலரவைத்துக் கொல்கிறது. வேலை செய்யும் மருந்துதான். ஆனால் ஈரமான இரவில், அதாவது நத்தை அதிகம் வரும் இரவில், பாதி மயங்கியது தண்ணீர் குடித்துத் தேறிவிடும். மண்ணுக்குள் இருக்கும் முட்டையை அது தொடுவதில்லை. உருண்டையைத் தின்னும் நாய்க்கு வலிப்பு வரும், சாகவும் நேரும். பறவைகளுக்கும் பிற விலங்குகளுக்கும் தீங்கு என்று பிரிட்டன் 2022-ல் வெளித்தோட்டங்களில் இதன் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. இரும்பு பாஸ்பேட் உருண்டை கிடைத்தால் ஒப்பீட்டளவில் தீங்கு குறைவு. தின்ற நத்தை இரையெடுப்பதை நிறுத்தி ஒளிந்து சாகும். நத்தைப் படையெடுப்பில் அதிகம் அடிபட்ட கேரளத்தில், பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம் புகையிலைக் கஷாயத்தையும் மயில்துத்தக் கரைசலையும் கலந்து தெளிக்கப் பரிந்துரைத்திருக்கிறது. சுவரிலும் புதரிலும் அப்பிக் கிடக்கும் கூட்டத்துக்கு அது சரி. பூச்செடி மேல் பட்டால் மயில்துத்தம் இலையைக் கருக்கும். குளத்தில் கலந்தால் மீன் சாகும். விஷத்தை விட இழுக்கும் பொருள் நல்லது. பீர் வைத்த கிண்ணம் மேல்நாட்டில் பிரபலம். டாஸ்மாக் விலையில் இங்கே அதை யாரும் நத்தைக்கு ஊற்றப் போவதில்லை. 2021-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று, மாவும் தண்ணீரும் ஈஸ்டும் சேர்த்துப் புளிக்கவைத்த ரொட்டி மாவு பல வகை நத்தைகளைச் சுண்டி இழுக்கிறது என்று காட்டியது. கோணிப்பைக்குள் ஒரு கிண்ணம் அந்த மாவை வைத்தால் செலவு சில ரூபாய்.

இயற்கையே பார்த்துக்கொள்ளட்டும் என்ற கட்சியும் உண்டு. அதில் பாதி உண்மை. தமிழ்நாட்டில் செம்போத்து நத்தைகளை விரும்பித் தின்பது பதிவாகியிருக்கிறது. மின்மினிப்பூச்சியின் புழு நத்தையைத் துரத்திக் கடித்து, மரத்துப்போக வைத்து உண்ணும். வாத்து வளர்க்க இடமுள்ளவர்களுக்கு அதைவிடச் சிறந்த தோட்டக்காரர் கிடைக்க மாட்டார். ஆனால் வெளியிலிருந்து ஒரு எதிரியைக் கொண்டுவந்து விடுவது வேறு கதை. ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்கவென்று ஹவாய்க்கும் பிறகு தாஹிட்டி, மூரியா தீவுகளுக்கும் கொண்டுபோன ஒரு வேட்டை நத்தை, அந்த ஆப்பிரிக்கனை விட்டுவிட்டு, தாஹிட்டியிலும் மூரியாவிலும் மட்டுமே வாழ்ந்த பார்ட்டுலா என்ற சிறு மர நத்தை இனங்களைத் தின்று அழித்தது. சில இனங்கள் மிருகக்காட்சிசாலைகளில் மட்டும் பிழைத்தன. இப்போதுதான் மெல்லத் தீவுகளுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள்.

அந்த எச்சரிக்கை நம் தோட்டத்துக்கும் பொருந்தும். எல்லா நத்தையும் குற்றவாளி இல்லை. பிரிட்டனில் உள்ள 44 ஓடில்லா நத்தை வகைகளில் ஒன்பதுதான் தோட்டச் செடிகளைத் தின்கின்றன. 2022-ல் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி நத்தைகளைப் ‘பீடை’ என்று அழைப்பதையே கைவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும், உடம்பு செக்கச்செவேலென்று இருக்கும் இந்த்ரெல்லா நத்தையை ஒருவர் உப்பு வாளியில் போட்டால் அது பெரும் பாவம். ரோஜா, போகன்வில்லா இலைகளில் கத்தரித்தாற்போல் அரைவட்டமாக வெட்டியிருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. இலையில் மணி மணியாகக் கழிவு கிடந்தால் கம்பளிப்புழு. பளபளக்கும் கோடும், நூல் போன்ற கழிவும் இருந்தால் மட்டுமே நத்தையின் மேல் வழக்குப் போடலாம்.

இதில் எதையும் எப்போது செய்வது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். முதலாவது, செடி வாங்கும் நேரம். நத்தை தோட்டத்துக்குள் வரும் முக்கியமான வழி நர்சரித் தொட்டி. அடித்துளையில் முட்டையும் மண்ணில் குஞ்சும் இருக்க, பூவை மட்டும் பார்த்து வாங்கி வருகிறோம். வாங்கிய செடியைப் பையிலிருந்து உருவி வேர்மண்ணைப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். இரண்டாவது, கோடை. பங்குனி வெயில் ஏறியதும் ஆப்பிரிக்க நத்தை ஓட்டின் வாயை வெள்ளைச் சவ்வால் மூடிக்கொண்டு சுவரடியிலும் மரப்பொந்திலும் தொட்டிக்கு அடியிலும் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. அப்போது செடியில் ஓட்டையும் இல்லை, தரையில் கோடும் இல்லை. யாரும் அதை நினைப்பதும் இல்லை. ஓடாமல், ஒளியாமல், ஒரே இடத்தில் கும்பலாகக் கிடக்கும் அந்த மாதங்களில் ஒரு வாளியோடு சுவரோரமாக நடந்தால், ஐப்பசியில் முட்டையிட இருப்பவற்றை முன்கூட்டியே அள்ளிவிடலாம்.